இரவு முழுதும் வேகும் உணவு

காஷ்மீரப் பள்ளத்தாக்கிலே டிசெம்பர் 21ஆந் திகதி தொடங்கும் 40 நாட்களைச் 'சில்லை கலான்' என்பர். குழாய் நீரும் உறைந்துபோகும் கடுங்குளிர்க் காலம் அது. அந்நாட்களில் ஸ்ரீநகரின் பழைய நகர்ப்பகுதி மக்கள் விடியற்காலையிலேயே 'ஹரீசா' விற்கும் கடைகளை நாடிச் செல்வர்.

ஆட்டிறைச்சியும் அரிசியும் ஒன்றாய்க் குழைந்த உணவே ஹரீசா. கஞ்சி என்றால் போதாது. களி என்றாலும் முற்றும் பொருந்தாது. பெருஞ்சீரகம், கறுவா, ஏலம், கராம்பு முதலியன சேர்த்து, அடுப்பு மேடையினுள்ளே கழுத்தளவு பதித்த மட்பானையிலிட்டு, விறகுத் தணலில் இரவு முழுவதும் வேகவிடுவர். தீ ஓங்கினால் அடிபிடிக்கும். தணிந்தாலோ இறைச்சி எலும்பை விட்டுக் கழலாது. ஆகவே, ஊர் உறங்கும் வேளையிலும் சமையற்காரர் விழித்திருத்தல் வேண்டும். எலும்புகளைப் பொறுக்கி நீக்கியபின், நீண்ட மரத்துடுப்பினால் இடித்து இடித்துக் கடைவார். இறைச்சி எது, அரிசி எது என்று பிரித்தறிய முடியாத பதம் வரும்வரை அவர் கை ஓயாது. இக்காலத்தில் வீடுகளிலே பிரஷர் குக்கரில் விரைவாகச் சமைப்போரும் உளர். பழகிய நாவுக்கு அது நிறைவளிப்பதில்லை.

காய்ச்சிய எண்ணெயை மேலே ஊற்றி, சுடச்சுட ரொட்டியோடு பரிமாறுவர். மணமான மகளின் புகுந்த வீட்டுக்கு ஹரீசா அனுப்பும் வழக்கமும் அங்குண்டு. முற்பகலுக்குள் பானை வெறுமையாகிவிடும். அதன் பின்னரும் சமையற்காரருக்கு நீண்ட ஓய்வில்லை. மறுநாளைக்குரிய இறைச்சியைப் பானையில் இடவேண்டுமல்லவா?