ஆற அமர யோசிப்பது

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்குத் தத்துவம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய பிழைப்பே யோசிப்பதுதான். அந்த யோசனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

மனம் வெளியுலகைக் கவனிப்பதோடு தன் செயல்களையும் கவனிக்கக்கூடியது என்றார் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் லாக். அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1910-இல் 'நாம் எப்படிச் சிந்திக்கிறோம்' என்ற நூலை எழுதினார். அவர் கருத்துப்படி, உண்மையான சிந்தனை ஒரு தடுமாற்றத்தில், ஒரு சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. அந்தச் சந்தேகத்தை அவசரப்பட்டு மூடிவிடாமல், நம் நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று தேடுவதே ஆற அமர யோசிப்பது.

சரி, சந்தேகமே வராவிட்டால்? ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பாருங்க. மட்டையும் பந்தும் சேர்த்து 1 டாலர் 10 சென்ட். பந்தைவிட மட்டை 1 டாலர் அதிகம். பந்து என்ன விலை? 10 சென்ட் என்று வாய்க்கு வந்துவிடும். அப்படியானால் மட்டை 1 டாலர் 10 சென்ட், மொத்தம் 1 டாலர் 20 சென்ட் ஆகிவிடுமே! சரியான விடை 5 சென்ட். ஷேன் ஃபிரெடரிக் என்பவர் 2005-இல் வெளியிட்ட சோதனையில் இப்படி மூன்று கேள்விகள். எம்.ஐ.டி. மாணவர்களிலேயே மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 48 சதவீதம்தான். கணக்கு கஷ்டமில்லை. தப்பான விடை சந்தேகத்துக்கு இடமே தராமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதுதான் கஷ்டம்.

ஆகவே சந்தேகத்தை நாமேதான் வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, விளக்கிப் பார்ப்பது. ரோசன்பிளிட், கைல் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்றவை இயங்கும் விதம் எவ்வளவு தெரியும் என்று கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு பலரும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்!

இது வெறும் விளையாட்டு இல்லை. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தின இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். ஆனால் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம், 75 டிகிரியிலும் சேதம், அப்புறம் குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மற்றவர்களுக்குத் தோன்றியது. சேதமான பயணங்களை மட்டும் பார்த்ததால் வந்த வினை அது. சேதமில்லாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக் குழு பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3-இல்தான் சேதம். 63-உம் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம்!

அந்தக் கூட்டத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. நேரமும் எடுத்துக்கொண்டார்கள். நிதானம் மட்டும் போதாது நண்பர்களே, "நாம் எதைப் பார்க்காமல் விட்டோம்?" என்ற கேள்வியும் வேண்டும். அதைக் கேட்பவரை மேலே இருப்பவர்கள் வாயடைக்காமல் இருக்கவும் வேண்டும்.

தம்பி தங்கைகளே, இன்று எந்தக் கேள்விக்கும் கம்ப்யூட்டர் நொடியில் பதில் தருகிறது. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் அதை உங்கள் வார்த்தையில் விளக்குங்கள். எங்கே திக்குகிறீர்களோ, அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பம்.