மண்டபம் முகாமின் வயது



இந்த ஆய்வரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மண்டபம் முகாமின் கதையை 1983 ஜூலையிலிருந்து தொடங்குகின்றன. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது, அகதிகளோடு படகுகள் வந்தன, முகாம் நிரம்பியது. யாரும் மறுக்க முடியாத வரலாறு இது. ஆனாலும் அங்கிருந்து மட்டும் தொடங்கினால், தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் கணிசமானோரின் நியாயம் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அதைப் பற்றி மட்டும் பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைக் கொள்ளைநோய்க்கு அஞ்சித் தடுத்துவைத்துச் சோதிப்பதற்காக, வெள்ளையர் காலத்தில் இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம்தான் மண்டபம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இவ்வழியே போயின. அவர்கள் கையில் இருந்தது 'டின் டிக்கெட்'. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை அது. அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும்; செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இப்படிப் போய் மலையகத் தமிழரானவர்களின் ஆரம்பகால ஆவணங்களில் ஒன்று அந்தத் தகரம்.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பிற்பாடு கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. தாத்தன் சோதனைக்கு நின்ற அதே மண்டபத்தில் பேரன் தாயகம் திரும்பியவனாகப் பதிந்துகொண்டு, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் தேயிலை கிள்ளப் போனான்.

எல்லோரும் கப்பலேறவில்லை. 1977 இனக்கலவரத்தில் அடிபட்ட தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கின. வவுனியா பகுதியில் அவர்களைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். போர் மூண்டது, 1984இல் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் பலர் அக்கரையிலேயே சிக்கிக்கொண்டார்கள். 1990இல் போர் மறுபடி வெடித்தபோது மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடிப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் கப்பலில் வந்த அக்காள் இந்தியக் குடிமகள். படகில் வந்த தம்பி, சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. அவன் பிள்ளை இங்கே பிறந்து, இங்கே படித்து, பட்டமும் வாங்கிவிட்டது. இன்னும் முகாம் பதிவேட்டில் ஆள் கணக்குக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இது அநீதி. ஒரு நாடு கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு, பயணி ஏறிவந்த கலத்தின் வகையால் காலாவதியாகுமா?

யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்தையே பூர்வீகமாகக் கொண்டோரின் தேவை வேறு. ஊர் திரும்ப விரும்புவோர் அவர்களிடையே உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புவது ஆய்வுக்கும் அழகல்ல, அந்த மக்களுக்கும் நல்லதல்ல.

2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டு, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என உதவித்தொகையை உயர்த்தி, புதிய வீடுகளையும் கட்டத் தொடங்கியது. மனமார வரவேற்கிறேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. நீதிமன்றம்தான் சற்றுக் கதவைத் திறந்திருக்கிறது. அதே 2019இல், இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழிகாட்டியது. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022இல் உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்ற பழைய சட்டவிதி அவருக்குத் துணைநின்றது.

அவரிடம் ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்தது. எத்தனை பேரிடம் அப்படி இருக்கும்? பாட்டனின் டின் டிக்கெட், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துச் செக்ரோல் துண்டு, சாஸ்திரி ஒப்பந்த விண்ணப்பத்தின் நகல் ஆகியவை இன்னும் சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கலாம். எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனோம் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இளம் ஆய்வாளர்களே, உங்கள் களப்பணியை அந்த முதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். நீங்கள் பதிவுசெய்யும் ஒவ்வொரு குடும்ப வரலாறும், அந்தக் குடும்பம் சம்மதித்தால், அதன் விண்ணப்பத்தோடு இணைக்கத்தக்க சான்றாக இருக்கட்டும். பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு படி கொடுத்தால் முகாமுக்கும் ஒரு படி கொடுங்கள்.

ஆய்வரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.