தாளில் வரைந்த பள்ளிக்கூடம்



அகதிக் குழந்தையிடம் பள்ளி எப்படி என்று வினவினால், “நன்றாக இருக்கிறது” என்பதோடு விடை முடிந்துவிடும். கையில் வண்ணக்கோலைக் கொடுத்தால் பேச்சு வேறாகிறது.

ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. மாட்ரிட் நகர்மேல் குண்டுகள் விழுந்தன. வீட்டைப் பிரிந்த பிள்ளைகள் பலர் வலென்சியா, கத்தலோனியா பகுதிகளின் குழந்தைக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பெற்றனர். தங்குமிடமே அவர்களுக்குப் பள்ளியும் ஆயிற்று. ஆசிரியர்கள் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் விட்டு வந்த வீட்டை, குண்டுவீச்சை, பயணத்தை, புதிய இடத்தின் வாழ்வை வரைந்தார்கள். படத்துக்குப் படம் வானூர்திகள்! அவற்றுள் 60 படங்கள் 1938இல் நியூயார்க்கில் நூலாக வெளிவந்தன. முன்னுரை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 600க்கு மேற்பட்ட படங்களைக் காத்து வருகிறது.

பல தாள்களில் வரைந்த பிள்ளையின் பெயரும் வயதும் உள்ளன. நம்மைத் தடுத்து நிறுத்துவது இதுவே. அங்கே நிற்பது பெயரற்ற துயரம் அன்று. ஒரு பிள்ளையின் சாட்சியம். நம் பெற்றோரின் பள்ளி நினைவிலும் தனிப் பானை உண்டு, வகுப்புக்கு வெளியே திண்ணை உண்டு. அவற்றை வரைந்து வைத்தார் இலர்.

ஆதலின் நம் இரவுப் பாடசாலையில் வாரம் ஒரு மாலையை ஓவியத்துக்கு ஒதுக்கியுள்ளோம். ஓவிய ஆசிரியர் இல்லையே என்று கவலைப்பட வேண்டா; தாளும் வண்ணமும் போதும். பெற்றோரும் உடன் அமர்ந்து வரையலாம். மதிப்பெண் கிடையாது. பிள்ளை ஒப்பாத படத்தைச் சுவரில் மாட்டவும் மாட்டோம்.