குரோமோசோம் சொல்லும் சாட்சி

(நம் சங்கத்தின் பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஊருக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னார். நான் ஒரு இரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரியும் பொறியாளன். ஆகவே என் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் டாக்டர் ஏ.டி. நடராஜன். அந்த 'ஏ' என்பது அடையபலம். ஆரணிப் பக்கத்து ஊர். அப்பய்ய தீட்சிதர் பிறந்த ஊர். உலகம் முழுக்க ஆராய்ச்சி இதழ்களில் அந்த ஊர்ப் பெயர் இவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது.

டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ். சுவாமிநாதனிடம் பயின்றவர். கதிர்வீச்சு பாய்ச்சிய உணவில் வளர்ந்த பழ ஈக்களில் மரபு மாற்றம் கூடுகிறது என்று 1963-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் இவரும் ஓர் ஆசிரியர். பிறகு ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம். அங்கிருந்து 1970-களில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம். அங்கேதான் பேராசிரியராகப் பெரும்பணி செய்தார். ஓய்வுக்குப் பின்னும் இத்தாலியில் ஆராய்ச்சியை விடவில்லை. 2017-இல் காலமானார்.

அவர் அப்படி என்ன செய்தார்? எளிமையாகச் சொல்றேன். நம் டி.என்.ஏ. இரண்டு புரி முறுக்கிய கிணற்றுக் கயிறு மாதிரி. ஒரு புரி அறுந்தால் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து. அறுந்த முனைகள் மாறி ஒட்டிக்கொண்டால் குரோமோசோமே உருமாறிவிடும். இந்த இரட்டை அறுபடல்தான் குரோமோசோம் கோளாறுக்கு மூலகாரணம் என்பதை, ஒற்றைப் புரிக் காயத்தை இரட்டை அறுபடலாக மாற்றும் ஒரு நொதியைச் செல்லுக்குள் செலுத்தி, 1978-இல் ஜெர்மானிய விஞ்ஞானி குன்ட்டர் ஓபேயுடன் சேர்ந்து காட்டினார்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சைக் கருவி பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை அதிசயம் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். 249 பேர் உடலில் கதிரியக்கம் ஒட்டியது. 4 பேர் இறந்தார்கள். யாருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று காட்ட எந்த அளவுமானியும் அங்கே இல்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களில் உருமாறிய குரோமோசோம்களை எண்ணித்தான் கணக்கிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்ததில் நடராஜனுக்கும் அவருடைய லைடன் குழுவுக்கும் பெரும் பங்கு உண்டு. வாய் பேசாத சாட்சி அது. ஆனால் பொய் சொல்லாது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்தடிக்கிறோம். டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். "பச்சைதானே, ஒண்ணும் செய்யாது" என்கிறோம். அந்த நிறம் சொல்வது எவ்வளவு உட்கொண்டால் உயிர் போகும் என்பதை மட்டுமே. பல வருடம் கொஞ்சங் கொஞ்சமாக உடலில் சேர்ந்தால் குரோமோசோம் என்னாகும் என்பதை அந்த நிறம் சொல்லாது. அந்தச் சோதனைகள் தனி. முடிவுகள் கோப்பில் இருக்கும், முக்கோணத்தில் இருக்காது.

இன்னொன்று. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப்பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது அம்மாக்கள் சுற்றிய பீடி. மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ரஜனி பிசே குழுவினர் 1990-களில் பீடிப் புகையிலையோடு வேலை செய்பவர்களைச் சோதித்தார்கள். குரோமோசோம் சிதைவு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பீடி குடிப்பதால் அல்ல. தூளைத் தொடுவதாலும் சுவாசிப்பதாலும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. குரோமோசோம் சிதைந்த எல்லாருக்கும் நோய் வரும் என்று பொருளில்லை. எச்சரிக்கை மணி அடிக்கிறது, அவ்வளவுதான்.

மணி அடித்தால் என்ன செய்வது? உரக்கடை வைத்திருக்கும் நண்பர்கள், டப்பாவோடு கையுறையையும் முகக்கவசத்தையும் கொடுங்கள். மருந்தடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் பீடி சுற்றினால் காற்றோட்டமான திண்ணையில் சுற்றட்டும். இலையும் தூளும் படுக்கிற அறையில் வேண்டாம். கை கழுவாமல் தொட்டிலைத் தொட வேண்டாம். நம் சங்கம் வருடம் ஒரு மருத்துவ முகாம் நடத்துகிறதே, அதில் கண், சர்க்கரையோடு வாய்ப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நம்மைப் படிக்க வைத்த கைகளுக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் இது.