உயில் இருக்கிறது, புரொபேட் எதற்கு?



மதுரையில் குடியிருக்கும் ஒரு இந்துக் குடும்பத் தலைவருக்கு அந்த ஊரில் ஒரு வீடு, சென்னை மயிலாப்பூரில் இன்னொரு வீடு. இரண்டையும் ஒரே உயிலில் எழுதிவைத்துவிட்டுக் காலமாகிறார். மதுரை வீட்டைப் பொறுத்தவரை, உயிலைக் காட்டியே உரிமை கோரலாம். மயிலாப்பூர் வீட்டுக்கோ, நீதிமன்றம் உயிலைச் சரிபார்த்து முத்திரையிட்டுத் தரும் புரொபேட் வேண்டும். வெகுகாலம் இதுதான் சட்டமாக இருந்தது.

ஒரே தாளுக்கு ஊருக்கொரு நியாயமா? வெள்ளைக்காரர் காலத்துக் கோடு அது. 1870-ல் வந்த இந்து உயில்கள் சட்டம் வங்காளத்தையும், சென்னை, பம்பாய் நகர எல்லைகளையும் தனியே பிரித்தது. அதே பிரிவினை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் புகுந்துகொண்டது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்குக் கிடைத்தது. கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. தாமதம்தான், ஆனாலும் சரியான காரியம்.

போனது கட்டாயம் மட்டுமே, புரொபேட் போகவில்லை. வாரிசுகளுக்குள் மனக்கசப்பு இருக்கும் இடத்தில் அதன் தேவை அப்படியேதான் இருக்கிறது. உயிலைப் பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நம்புகிறவர்கள் நம்மில் அநேகர். அப்படி இல்லை. பதிவான உயிலையும் எதிர்த்து வழக்காடலாம்.

புரொபேட் கேட்கும் உரிமை, உயிலில் நிறைவேற்றுநர் என்று பெயர் குறிக்கப்பட்டவருக்கே உண்டு. யாரையும் குறிக்காமல் விட்டிருந்தால், சொத்தைப் பெறுகிறவர் நிர்வாக உரிமை ஆவணம் கேட்டு மனுப் போட வேண்டும். இறந்து ஏழு நாள் கழியாமல் புரொபேட் வழங்கக்கூடாது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தால், அவர் வந்து, "என் கண்ணெதிரே கையெழுத்திட்டார்" என்று சொல்ல வேண்டும். எழுபது வயது அப்பா எழுபத்தைந்து வயது நண்பரைச் சாட்சியாக வைப்பது நம் வழக்கம். அந்த மரியாதை, பின்னால் பிள்ளைகளை அலைய வைக்கும். நெருங்கிய உறவினருக்கு அறிவிப்புப் போகும். யாராவது கேவியட் என்னும் ஆட்சேப மனுப் போட்டு எதிர்த்தால், புரொபேட் மனு அப்படியே வழக்காகிவிடும். பிறகு குறுக்கு விசாரணை, வாய்தா எல்லாம் உண்டு. புரொபேட் கிடைத்த பிறகு, நிறைவேற்றுநர் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலையும் ஓராண்டில் கணக்கையும் நீதிமன்றத்தில் தர வேண்டும்.

இத்தனையிலும் நீதிமன்றம் பார்ப்பது ஒன்றைத்தான்: இது இறந்தவர் தெளிந்த மனத்தோடு, முறைப்படி எழுதிய கடைசி உயில்தானா? எழுதிய சொத்து அவருடையதா என்று அது பார்ப்பதில்லை. தம்பியின் பங்கையும் சேர்த்து எழுதிவிட்டு, அதற்குப் புரொபேட் வாங்கினாலும், தம்பியின் பங்கு தம்பியுடையதே. அதற்குத் தனியாக உரிமை வழக்கு உண்டு.

இறந்தவர் பெயரிலுள்ள வீடு, நிலம், நகை, வங்கி டெபாசிட், பங்குகள் எல்லாம் உயிலுக்குள் வரும். கூட்டுக்குடும்பச் சொத்தில் அவருடைய பங்கும் வரும். உயிரோடு இருந்தபோதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது வராது.

குழப்பம் நாமினியில்தான். நாமினியாகப் பெயர் இருந்தாலே பங்குகள் தனக்குச் சொந்தம் என்று வாதாடிய வழக்கில், அப்படியில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாமினி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உரிமை உயிலின்படியோ வாரிசுச் சட்டத்தின்படியோ போகும். ஆயுள் காப்பீடு மட்டும் வேறு. 2015-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பாலிசித் தொகை பொதுவாக அவர்களுக்கே சொந்தம். உயிலில் அதை வேறொருவருக்கு எழுதியிருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் நாமினிக்குத்தான் பணம் தரும்.