மஞ்சளும் வெயிலும் வரைந்த இலை

(ஆட்டையாம்பட்டியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? துவைத்து வெயிலில் காயப்போடுவோம். மாலைக்குள் கறை வெளுத்துவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், வெயில் பட்டால் சிதைகிறது. இந்த ஓர் உண்மை போதும். கேமரா இல்லாமலே நம் குழந்தைகள் படம் எடுக்கலாம். எங்கள் ஏழாம் வகுப்பில் செய்து பார்த்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செய்முறை எளிது. மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் இந்த வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும். வடித்த சாற்றை வரைபடத் தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். தாளின் மேல் ஓர் இலையை வைத்து, பழைய படச் சட்டத்தின் கண்ணாடியால் அழுத்தி, நல்ல வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும். இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும். பிறகு ஆப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்தால் இலையின் உருவம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். நிறங்காட்டிப் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பூச்சாறும் இலைச்சாறும் ஒளியில் நிறம் மாறுவதை ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1842இல் ஆராய்ந்து எழுதினார். இரும்பு உப்புகளைக் கொண்டு நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறையையும் அதே ஆண்டில் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி அந்த முறையைக் கையில் எடுத்தார். கடற்பாசிகள் மிக நுண்ணியவை; அவற்றைக் கையால் துல்லியமாக வரைவது கடினம். எனவே பாசிகளையே தாளின் மேல் வைத்து வெயிலில் படமாக்கினார். 1843இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலே புகைப்படங்கள் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதற்குக் கேமரா தேவைப்படவில்லை.

அதற்குச் சில ஆண்டுகளில் நம் பகுதிக்குக் கேமரா வந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஊர் ஊராகச் சென்றார். 1858இல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று, இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் பற்றியது. இராயக்கோட்டை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். ஆகவே டிரைப் தம் நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். மரங்களின் இலைத்தொகுதிகளையும் திருத்தினார்.

இந்த இரண்டு வழிகளையும் மாணவர்கள் முன் வைத்தேன். கேமராவுக்குத் தூரம் வேண்டும். நிலத்தை எட்ட நின்று பார்க்கலாம், ஆளலாம், பிடிக்காததைத் திருத்தலாம். இலைப்படத்துக்கோ செடியின் அருகே போக வேண்டும், குனிய வேண்டும், தொட வேண்டும். செடி தானே வந்து தாளில் படுக்க வேண்டும். நம் பிள்ளைகளின் வீட்டில் கைபேசி இருக்கிறது. அதில் பூவும் மலையும் நிறைய இருக்கின்றன. பள்ளிச் சுவரோரம் முளைத்திருக்கும் செடியின் பெயர்தான் தெரிவதில்லை.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி தரையோடு படர்ந்த ஒரு கொடியைக் கொண்டுவந்தாள். வகுப்பில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. "வீட்டில் கேட்டு வா" என்று அனுப்பினேன். முறுக்கு சுற்றிக்கொண்டிருந்த அவள் பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது மூக்கிரட்டை கண்ணு. நாங்க கீரையா கடைஞ்சு தின்னு வளந்தோம்" என்றாராம். மறுநாள் அவள் அதை வகுப்பில் சொன்னபோது, அதுவரை களையாக இருந்த செடி உணவானது. அந்த வாரம் மற்றவர்களும் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் இலைகளோடு போனார்கள். சில இலைகளுக்கு வீட்டிலும் பெயர் கிடைக்கவில்லை. பெயர் மறந்த செடியை வெட்டிப் போட யாருக்கும் தயக்கம் வராது. என்னைக் கவலைப்படுத்துவது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சள் படம் நிலைக்காது. அதை உருவாக்கிய வெளிச்சமே அதை அழிக்கும். சுவரில் மாட்டினால் மெல்ல மங்கும்; மூடிய நோட்டுக்குள் வைத்தால் நெடுநாள் இருக்கும். "பாக்கப் பாக்க அழிஞ்சிடுமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம் என்றேன். அதன்பின் நோட்டை யார் திறந்தாலும் உடனே மூடிவைக்கச் சொல்லி அவனே காவல் நிற்கிறான். எடுத்துப் பயன்படுத்துவதற்கும் காத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளியும் தன் வளாகத்தில் தானாக முளைத்த ஐந்து செடிகளை இப்படிப் படமாக்கட்டும். ஒரு செடிக்கு ஓர் இலை போதும். வேரோடு பிடுங்க வேண்டாம். படத்தின் கீழே ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயரையும் பயனையும் மாணவரே எழுதட்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். ஒரே செடிக்கு நம் ஊர்களில் எத்தனை பெயர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.