நாடி சொல்லும் வேகம்

(ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்மில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் கூறியது. அதை முன்னின்று நடத்திய நிறுவனம் பக்கத்தில் கோபாலபுரத்தில்தான் இருக்கிறது. இதையெல்லாம் கேள்விப்பட்டு நம்மில் பலர் ஓடத் தொடங்குகிறோம். முதல் நாளே மூச்சிரைக்க ஓட்டம், மூன்றாம் நாள் முழங்கால் வலி, பத்தாம் நாள் ஷூ பரணுக்குப் போய்விடும். பெரும்பாலும் காரணம் சோம்பலன்று; வேகம்தான்.

சரியான வேகத்தை நம் இதயமே சொல்லும். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 45 வயதுக்காரருக்கு அது 175. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். இதை ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். உச்சத்தில் 50 முதல் 60 விழுக்காடு வரை முதல் மண்டலம், அது நடை. 60 முதல் 70 வரை இரண்டாவது, அது மெல்லோட்டம். 45 வயதுக்கு அது 105 முதல் 122 வரை. மூன்றாவதில் மூச்சு வாங்கும். நான்காவதில் ஓரிரு சொல்தான் பேச முடியும். ஐந்தாவதில் சில நிமிடங்களே தாங்கும்.

ஸ்மார்ட் வாட்ச் இல்லையே என்று கவலை வேண்டாம். ஓடி நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 28 என்றால் 112. அதுவும் வேண்டாமென்றால், உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியான வேகம்தான்.

வாரத்தில் பெரும்பகுதி ஓட்டம் இந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கட்டும். தொடக்கத்தில் நடையும் ஓட்டமும் கலந்துதான் வரும், பரவாயில்லை. நாளடைவில் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியேற்றும் இரத்தம் கூடும். தசைகளில் மைட்டோகாண்டிரியாவும் நுண்குழாய்களும் பெருகும். சில மாதங்களில் அதே துடிப்பில் முன்பைவிட வேகமாக ஓடுவீர்கள்.

‘கொழுப்பு எரியும் மண்டலம்’ என்கிறார்களே, அது பாதி உண்மை. மெதுவாக ஓடும்போது செலவாகும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு அதிகம். ஆனால் நிமிடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு குறைவு. எடை குறைவது மொத்த வரவு செலவைப் பொறுத்தது. மெல்லோட்டத்தின் லாபம், நெடுநேரம் ஓடலாம், மறுநாளும் ஓடலாம் என்பதே. ஓடி முடித்துவிட்டு இரண்டு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்!

நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். அன்று வேகத்தைக் குறையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால், அதை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா.

இனி நம் பிள்ளைகளுக்கு வருவோம். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் பில் லாலர் என்ற உடற்கல்வி ஆசிரியர், மெதுவாக ஓடிய மாணவி ஒருத்திக்கு இதயத்துடிப்புக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். அவள் தன் முழுச் சக்தியையும் கொடுத்து ஓடியிருந்தாள். அதன்பின் அங்கே மதிப்பெண் வேகத்துக்கு அல்ல, முயற்சிக்கு என்றானது.

நம் மைதானத்திலும் கடைசியாக வரும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்கிறோம். அவன் இதயம்தான் வகுப்பிலேயே அதிகம் உழைத்திருக்கலாம். நிறுத்துக்கடிகாரம் அதைக் காட்டாது, நாடி காட்டும்.

சிறுவர்களுக்கு 220 சூத்திரம் பொருந்தாது; அவர்களுக்கு மண்டலமும் வேண்டாம். ஓய்வில், ஓடி முடித்ததும், ஒரு நிமிடம் கழித்து என மூன்று முறை தம் நாடியைத் தாமே எண்ணட்டும். அதைக் கணக்குப் பாடத்தில் வரைபடமாக்கட்டும். ஒவ்வொருவரும் போன மாதத்துத் தம் எண்ணோடு மட்டும் ஒப்பிடட்டும்.

ஒரு வேண்டுகோள். ‘மைதானத்தை மூணு ரவுண்டு ஓடு’ என்பதைத் தண்டனையாகத் தருவதை நிறுத்துவோம். தண்டனையாக ஓடிய பிள்ளை நாற்பது வயதில் தானாக ஓட வருவது கடினம்.